ஹட்டனில் ஆறு வார வேதபாட வகுப்பு: என் அனுபவம்

தெரிந்துகொள்ளுதல் (கடவுள் தம் மக்களை முன்பே தேர்ந்தெடுத்தார் என்ற போதனை), இரட்சிப்பின் நிச்சயம் பற்றிய இந்த வகுப்புக்கு ஆறு சனிக்கிழமையும் மழையோடு மழையாகப் போய் வந்தேன், கட்டணம் இல்லை, இஞ்சி பிளேன்டீ உண்டு.

எபேசியர் 1:4 நடத்திய நாளை மறக்க மாட்டேன். எங்கள் அம்மா தேயிலைக் கொழுந்து பறித்தவர், கிலோ குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது பாதி நாள் சம்பளம்தான் விழும், நானும் கடவுளிடம் அப்படித்தான் கணக்குப் பார்த்துப் பயந்துகொண்டே இருந்தேன். உலகத் தோற்றத்துக்கு முன்பே தெரிந்துகொண்டார் என்றால் அப்போது தராசும் இல்லை, நிறுக்கக் கொழுந்தும் இல்லையே என்று போதகர் மெதுவாகச் சொன்னபோது பக்கத்திலிருந்த அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார், நானும்தான். அப்புறம் யோவான் 10:28, அவர் கையிலிருந்து யாரும் பறிக்க முடியாது என்பதை வாசித்துவிட்டு அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

குறை என்றால், இதே தெரிந்துகொள்ளுதலைப் பேசும் ரோமர் 9ஐ ஒரே மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். 1618-19இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடி இந்தப் போதனையை வரையறுத்த சபைச் சங்கத்தைப் பற்றி இரண்டு வரிதான். மெதடிஸ்ட் சபையிலிருந்து வந்த தம்பி, கிருபையை மனிதன் மறுக்க முடியாதா என்று கேட்ட நல்ல கேள்விக்கும் நேரம் இல்லை. பிரதி எடுத்த தாள்களில் எழுத்து மங்கல், வயதானவர்கள் சிரமப்பட்டார்கள்.

கடைசி பஸ் சீக்கிரம் போய்விடும், தூரத்துத் தோட்டத்துக்காரர்கள் அதைப் பார்த்துக்கொண்டு வாருங்கள்.