சுக்கா, வில்வாதிக் குளிகையா, மாதுளைத் தோலா?

பழைய மீன்குழம்போ பந்திச் சாப்பாடோ வயிற்றைக் கெடுத்துவிட்டால், குமரி மாவட்டத்து வீடுகளில் முதலில் நினைவுக்கு வருபவை சுக்கும் வில்வாதிக் குளிகையும் மாதுளைத் தோலும்தான். முதலில் திருவிதாங்கூரோடும் பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்த மண் ஆதலால், மலையாள வைத்திய மரபின் வில்வாதி இங்கே வைத்தியசாலைகளில் கேட்டவுடன் கிடைக்கிறது. ஆனால் இம்மூன்றும் செய்யும் வேலை ஒன்றல்ல.

மாதுளைத் தோலின் துவர்ப்பு வயிற்றுப்போக்கைக் கட்டும். கெட்டதை உடல் வெளியேற்றிக்கொண்டிருக்கும் முதல் நாளில் அதைக் கட்டுவது தவறு; ஆமம் (செரிக்காத கழிவு) சேர்ந்த அதிசாரத்தை, அதாவது வயிற்றுப்போக்கை, தொடக்கத்திலேயே நிறுத்தக் கூடாது என்று ஆயுர்வேதமும் சொல்கிறது. எனவே முதல் நாளுக்கு அது வேண்டாம்.

வில்வாதி என்பது வில்வ வேர், துளசிப் பூ, திரிகடுகு (சுக்கு, நல்லமிளகு, திப்பிலி), திரிபலை (கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய்), மஞ்சள் உள்ளிட்ட 13 சரக்குகளை ஆட்டு மூத்திரத்தில் அரைத்து உருட்டும் மாத்திரை. அஷ்டாங்க ஹிருதயம் என்ற பழைய ஆயுர்வேத நூல் இதைப் பாம்பு, தேள், எலிக் கடிகளோடு அஜீரணத்துக்கும் விஷூசிகை எனும் வாந்திபேதிக்கும் சேர்த்தே சொல்வதால், எல்லா விஷத்தையும் இது முறிக்கும் என்ற நம்பிக்கை வேரூன்றிவிட்டது. அந்த நம்பிக்கைதான் எனக்கு அச்சம் தருகிறது. பேத்தை மீனின் நஞ்சு மூச்சையே நிறுத்தக்கூடியது. அதற்கு எந்தக் குளிகையும் மாற்றல்ல. மேலும், இதிலுள்ள நல்லமிளகு சில ஆங்கில மருந்துகள் இரத்தத்தில் சேரும் அளவைக் கூட்டக்கூடும் என்பதால், நாள்தோறும் மாத்திரை உண்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் வில்வாதியைத் தொடக் கூடாது.

வீட்டளவில் நான் சுக்கின் பக்கமே நிற்பேன். எங்கள் ஆச்சி சுக்கைத் தணலில் சுட்டு, கருகிய மேல்தோலைச் சுரண்டி, அம்மியில் நசுக்கி, வறுத்த சீரகத்தோடு ஒரு செம்புத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, இரண்டு உப்புக்கல் போட்டு, குமட்டல் அடங்க அடங்க ஒவ்வொரு மடக்காகத் தருவார். இஞ்சி குமட்டலைத் தணிப்பதை இக்கால ஆய்வுகளும் ஏற்கின்றன. அதைவிட, அந்தக் கஷாயத்தோடு உள்ளே சென்ற தண்ணீரும் உப்பும்தான் பெரிய மருந்து. ஆனாலும் இழந்த நீரை ஈடுகட்ட அது மட்டும் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலத்தை, அதில் அச்சிட்ட அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். அது கைக்கு வரும்வரை உப்பிட்ட அரிசிக் கஞ்சித் தண்ணீர் உதவும்.

மலத்தில் இரத்தம், கடுங்காய்ச்சல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இறங்காமை, நாக்குத் தடிப்பு அல்லது மரத்துப்போதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், குழந்தையோ முதியவரோ கர்ப்பிணியோ துவண்டு கிடந்தாலும், கஷாயம் வற்றும்வரை காத்திராமல் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ வண்டியேறிவிட வேண்டும்.