கப்படோசியாவில் ‘ரகசிய வியூபாயிண்ட்’ விற்கிறார்கள், ஏமாறாதீர்கள்

துருக்கியில் கப்படோசியா போகிறவர்கள், முக்கியமாக அங்கே விடியற்காலையில் பறக்கும் வெப்பக்காற்று பலூன்களில் ஏறாமல் கீழே நின்று பார்த்தால் போதும் என்று நினைப்பவர்கள், இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். நான் மொத்தம் 150 யூரோவைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

நானும் அப்பாவும் ஏப்ரல் நடுவில் போயிருந்தோம். பலூன் சவாரிக்கு ஆகும் காசைக் கேட்டதுமே அப்பா, “அவ்வளவு குடுத்து மேல போய் கண்ணை மூடிக்கிட்டு உக்காரப் போறேன். கீழ நின்னே பாத்துக்கலாம்மா” என்று சொல்லிவிட்டார். சரி, சூரிய உதயத்தின்போது பார்க்க நல்ல இடமாகப் பிடிப்போம் என்று தேடினேன். அப்போது கண்ணில் பட்டது ஓர் இன்ஸ்டாகிராம் விளம்பரம். யாருக்கும் தெரியாத வியூபாயிண்ட், தலைக்கு நேர் மேலே பலூன்கள், உத்தரவாதம் உண்டு. பாறை விளிம்பில் நீளமான சிவப்பு கவுனில் ஒரு பெண், அவளுக்குப் பின்னால் வானம் கொள்ளாத பலூன்கள்.

விளம்பரம் போட்ட ஆளிடம் வாட்ஸ்அப்பில் விசாரித்தேன். ஆளுக்கு 50 யூரோ, ஹோட்டல் வாசலிலிருந்து ஜீப்பில் அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவோம், ஏற்றமே கிடையாது என்றார். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. அந்த ‘ஏற்றமே கிடையாது’ என்ற சொல்லில்தான் விழுந்தேன். முதல் நாள் மாலையே முழுப் பணத்தையும் ரொக்கமாக வாங்கிக்கொண்டார். ரசீது கேட்டதற்கு, வாட்ஸ்அப் மெசேஜ்தான் ரசீது என்று சிரித்தார்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு முன்பே ஜீப் வந்துவிட்டது. எங்களோடு இன்னும் நான்கு பேர். இருட்டில் ஒரு மொட்டை மேட்டில் இறக்கிவிட்டார்கள். அந்தப் பகுதியே கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிறது. விடியற்காலைக் குளிர் எலும்பில் இறங்கியது. தொப்பியைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்கும்படி காற்று வேறு. டிரைவர் “ஃபைவ் மினிட்ஸ், ஃபைவ் மினிட்ஸ்” என்று சொல்லிவிட்டு ஜீப்புக்குள் போய் ஹீட்டரைப் போட்டுத் தூங்கிவிட்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆறு மணி சுமாருக்குச் சூரியன் வந்தது. பலூன் ஒன்றுகூட வரவில்லை. “காசு குடுத்து விடியறதைப் பாக்க வந்திருக்கோம். அது நம்ம மொட்டை மாடியிலயே விடியுமே” என்றார் அப்பா.

அன்று பறக்கத் தடை. ஹோட்டலுக்குத் திரும்பியபின் ரிசப்ஷன் பையன் சொல்லித்தான் தெரிந்தது. அங்கே பலூன் பறப்பதா வேண்டாமா என்பதைக் கம்பெனிகள் முடிவு செய்வதில்லை. துருக்கியின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். பறக்கும் பகுதியைப் பிரிவுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் கொடி காட்டுகிறார்கள்: பச்சை என்றால் பறக்கலாம், மஞ்சள் என்றால் காத்திரு, சிவப்பு என்றால் கிடையாது. கப்படோசியா பல்கலைக்கழகத்தின் ஸ்லாட் சேவை மைய இணையதளத்தில் இதை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். முந்தைய இரவே சிவப்பு விழுந்திருந்ததாம். அதாவது எங்களை ஜீப்பில் ஏற்றும்போதே அந்த ஆளுக்குத் தெரியும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “மேடம், நான் உங்களுக்கு விற்றது இடத்தை. பலூனை இல்லை” என்று பதில் வந்தது. அப்போ உத்தரவாதம் என்று போட்டது? அது வானிலை நன்றாக இருந்தால் மட்டும் என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, நாளைக்குப் பாதி விலையில் கூட்டிப்போகிறேன் என்றார். எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆளுக்கு 25 யூரோ மறுபடியும் கொடுத்தேன்.

இரண்டாம் நாள் பச்சைக் கொடி. இந்தமுறை உச்ஹிசார் என்ற ஊர்ப் பக்கம் ஒரு மேடு. பலூன்கள் பறக்கத்தான் செய்தன, ஆனால் தூரத்தில், கொரேமே என்ற ஊருக்கும் அந்தப் பக்கம். கடுகைத் தெளித்த மாதிரி. நாங்கள் கிழக்கே பார்த்து நின்றதால் சூரியன் பலூன்களுக்குப் பின்னால் எழுந்தது. நிறம் ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் கறுப்புப் புள்ளி. கேட்டால், காற்று மாறிவிட்டது என்றார்.

அதில் மட்டும் அவர் பொய் சொல்லவில்லை. பலூனுக்கு ஸ்டீயரிங் கிடையாது. பைலட்டால் மேலே ஏற்றவும் கீழே இறக்கவும்தான் முடியும். உயரத்துக்கு உயரம் காற்று வேறு வேறு திசையில் வீசும், அதில் தனக்கு வேண்டிய அடுக்கைத் தேடிப் போவார், அவ்வளவுதான். எங்கிருந்து கிளப்புவது என்பதையும் அன்றன்றைய காற்றைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள். நேற்று தலைக்கு மேலே பறந்த இடத்தில் இன்று ஒன்றும் இருக்காது. ஆகவே முந்தைய மாலையே ‘தலைக்கு நேர் மேலே’ என்று உத்தரவாதம் கொடுத்து ரொக்கம் வாங்குகிறவர் யாராக இருந்தாலும், தனக்கே தெரியாத ஒன்றை விற்கிறார்.

மூன்றாம் நாள் யாரையும் நம்பாமல் நாங்களே போனோம். கொரேமே ஊரை ஒட்டியே ஒரு குன்று இருக்கிறது, சன்செட் பாயிண்ட் என்றும் லவ்வர்ஸ் ஹில் என்றும் சொல்கிறார்கள். சின்ன நுழைவுக் கட்டணம்தான். அப்பா நின்று நின்று ஏறியும் இருபது நிமிடத்தில் மேலே போய்விட்டோம். இவ்வளவு பக்கத்தில் இதை வைத்துக்கொண்டா ஜீப்பில் போனோம் என்று வயிறு எரிந்தது.

கீழே பள்ளத்தாக்கில் பலூன் துணிகள் சரிந்து கிடந்தன. இருட்டில் ஒன்றுக்குள் நெருப்பு எரியும், அது மட்டும் விளக்கு மாதிரி ஆரஞ்சாக ஒளிரும், அணையும். உடனே இன்னொன்று. வெளிச்சம் வர வர ஒவ்வொன்றாக நிமிர்ந்து எழுந்தன. ஒரு பலூன் குன்றின் விளிம்பை ஒட்டியே மேலே வந்தது. பம்ப் ஸ்டவ் பத்தை ஒரே நேரத்தில் பற்றவைத்த மாதிரி இரைச்சல், முகத்தில் லேசாக அனல்கூட அடித்தது. கூடையின் பிரம்புப் பின்னலும், மேலே பிடியைப் பிடித்திருந்த பைலட்டின் கையுறையும் தெரிந்தன. அப்பா சின்னப் பையன் மாதிரி கையாட்டினார். கூடையிலிருந்து யாரோ பதிலுக்கு ஆட்டினார்கள். அன்று காற்று எங்கள் பக்கம் இருந்தது, அது எங்கள் அதிர்ஷ்டம்.

போகிறவர்கள் இரவு ஒருமுறை, காலையில் கிளம்பும் முன் ஒருமுறை கொடியைப் பாருங்கள். சூரிய உதயத்துக்கு முக்கால் மணி முன்பே மேலே இருங்கள். அந்த நெருப்பு வெளிச்சம் அப்போதுதான். உதய நேரம் ஜூனில் ஐந்தேகால் சுமார், டிசம்பரில் கிட்டத்தட்ட எட்டு. குறைந்தது மூன்று இரவாவது தங்குங்கள், குளிர்காலம் என்றால் இன்னும் கூட, அப்போதுதான் ரத்து அதிகம். குன்றின் விளிம்பில் பல இடங்களில் தடுப்பு கிடையாது, செல்ஃபி கூட்டத்துக்கு நடுவே வயதானவர்களைக் கையைப் பிடித்து நிறுத்துங்கள். ‘பலூன் வியூ’ என்று சொல்லி மொட்டை மாடிக்கு அதிகம் வாங்கும் ஹோட்டல்களிடமும், எந்தத் திசையைப் பார்த்த மாடி என்று கேட்டுவிட்டு புக் பண்ணுங்கள்.

ரொக்கமாகக் கொடுத்ததால் வங்கியில் புகார் செய்யவும் வழியில்லை. அந்த ஆள் என்னை பிளாக் செய்துவிட்டார். போன வாரம் வேறொரு பெயரில் அதே விளம்பரம் வந்தது, அதே சிவப்பு கவுன் பெண். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: வலது மூலையில் மஞ்சள் பட்டை போட்ட பலூன் ஒன்று இருக்கும். அதே பலூன், அதே சாய்வில், அவள் தோளுக்கு மேலேயும் இருக்கும்.