பழைய லேத்தில் மீட்டரா, மொத்தமாக ஈஆர்பியா?

திருநெல்வேலி பேட்டை தொழிற்பேட்டையில் எங்கள் பட்டறை. ஆறு லேத் (கடைசல் இயந்திரம்), ஒரு சிஎன்சி (கணினி இயக்கும் இயந்திரம்). கணக்கு டேலி மென்பொருளில், வேலை விவரம் நீள நோட்டில். இதோடு டிஜிட்டலை எப்படிச் சேர்ப்பது என்று யோசித்தபோது இரண்டு வழி தெரிந்தது.

முதலாவது ஈஆர்பி, அதாவது நிறுவனம் முழுவதையும் நிர்வகிக்கும் மென்பொருள். கொள்முதல், கையிருப்பு, உற்பத்தி, பில் எல்லாம் ஒரே இடத்தில். நூற்றுக்கணக்கான உதிரிபாகம், இரண்டு மூன்று கிளை உள்ள ஆலைக்கு இதுதான் பொருத்தம். ஆனால் உள்ளே தட்டியது மட்டும்தான் அதற்குத் தெரியும். ஷிப்ட் முடிந்து, எண்ணெய்க் கையோடு யார் உட்கார்ந்து தட்டுவார்கள்? 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்டு 1 முதல் கட்டாயமான இ-இன்வாய்ஸை (அரசுத் தளத்தில் பதியும் பில்) காட்டி விற்க வருகிறார்கள். அதை டேலியிலேயே போடலாம்.

இரண்டாவது, இருக்கிற இயந்திரத்தையே பேச வைப்பது. மோட்டார் வயரை வெட்டாமல் அதன்மேல் கவ்வுகிற சிடியை (கரண்ட்டை அளக்க உதவும் வளையம்) மாட்டி, மீட்டரோடு இணைத்தோம். லேத் சும்மா சுற்றும்போது இழுக்கும் கரண்ட் வேறு, இரும்பைச் செதுக்கும்போது வேறு. மீட்டர்களை ஆர்எஸ்-485 என்ற தரவு வயரில் கோத்து ஒரு கணினிக்குக் கொண்டுவந்தோம். அந்த வயரில் மீட்டர்கள் பேசும் மோட்பஸ் 1979-இல் வந்த மொழி என்பதால் பழைய பிஎல்சிகளில் (இயந்திரத்தை இயக்கும் சிறு கணினிகள்) பலவும் இதைப் பேசும். ஒரு எச்சரிக்கை: மோட்டார் கேபிளோடு ஒரே பைப்பில் இந்த வயரை இழுக்காதீர்கள். நாங்கள் இழுத்தோம், எண்கள் தாறுமாறாக வந்தன. முறுக்கிய ஷீல்டு வயரைத் தனிப் பைப்பில் இழுத்த பிறகுதான் சரியானது.

ஓயாமல் ஓடுகிறது என்று நாங்கள் நம்பிய மூன்றாம் நம்பர் லேத், மதியத்துக்கு மேல் அடிக்கடி நின்றிருந்தது. மூத்த டர்னர் அண்ணாச்சியிடம் கேட்டேன். "ஏய்யா, நின்னது பெட்டிக்குத் தெரியும். ஏன் நின்னுதுன்னு எங்கிட்டதான கேக்கணும்? டூல் தீட்ட இருக்கது ஒரே கிரைண்டர்லா!" என்றார். அன்றே நோட்டில் 'நின்ற காரணம்' என்று ஒரு கட்டம் கூட்டினோம். அப்புறம் இரண்டாவது கிரைண்டர் வாங்கினோம்.

அம்பாசமுத்திரத்தில் அரிசி ஆலை வைத்திருக்கும் மச்சானுக்கு இதே பதில் ஒத்துவராது. அவருக்கு மூட்டை எடைதான் முக்கியம். தராசின் டிஸ்ப்ளே பெட்டியிலிருந்து கணினிக்கு ஒரு வயர் போதும்.

எங்களைப் போன்ற பட்டறைக்கு என் ஓட்டு இரண்டாவதற்கே. எந்த ஆர்டருக்காக ஓடியது என்பது மீட்டருக்குத் தெரியாதுதான். ஆர்டர் நம்பரை நோட்டில் எழுதிக்கொள்கிறோம். ஆர்டர் பெருகி நோட்டு தாங்காதபோது ஈஆர்பியைப் பார்க்கலாம். அன்றைக்கு விற்க வருபவரிடம் இரண்டு கேள்வி கேட்பேன்: எங்கள் மீட்டர் கணக்கை அது நேராக வாங்குமா? பிடிக்காமல் விலகினால், எங்கள் தரவு முழுவதையும் எக்செலில் திருப்பித் தருவீர்களா?