உப்புக்காற்றில் ஷெட் தளம்: கம்பி கட்டணுமா, வேண்டாமா?

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் வீட்டுக்குப் பின்னால், மண்வெட்டியும் உர மூட்டையும் வைக்க 10க்கு 8 அடியில் ஒரு தகர ஷெட் போட்டேன். தளத்துக்கு மூன்று வழி: பேவர் பிளாக், கம்பி கட்டிய கான்கிரீட், கம்பியில்லாத வெறும் கான்கிரீட். நான் போட்டது வெறும் கான்கிரீட்.

பேவர் பிளாக் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் எங்கள் மணலில் ஓரக்கட்டு இல்லையென்றால் ஐப்பசி மழையில் கல் ஆடும். அதை அப்போதே விட்டுவிட்டேன்.

கம்பி கட்டணும் என்றார் கொத்தனார். விரிசல் விட்டாலும் தளம் பிரியாது, சரிதான். என்னைத் தடுத்தது எங்கள் கிணற்று உப்புத் தண்ணீர். அதில் கலந்து போட்ட பழைய சன்ஷேடு ஒன்று வீட்டில் இருக்கிறது. தட்டினால் பொத்தென்று கேட்கும். பாளம் பெயர்ந்த இடத்தில் கம்பி ஈர்க்கு கனத்துக்கு இளைத்து, ஏடு ஏடாக உரிகிறது. துருப்பிடித்த இரும்பு ஊதும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் வெடிக்கும். கம்பியே இல்லாத தளத்தில் இந்தத் தொல்லை கிடையாது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456இன்படி, கலக்கும் தண்ணீரில் குளோரைடு (கம்பியைத் துருவாக்கும் உப்பு) கம்பியில்லாத வேலைக்கு லிட்டருக்கு 2000 மில்லிகிராம் வரை இருக்கலாம், கம்பி வேலைக்கு 500தான். எங்கள் தண்ணீரைச் சோதித்ததில் இரண்டுக்கும் நடுவே வந்தது.

லாரித் தண்ணீர் வாங்கலாம்தான். ஆனால் உப்பு ஈரம் அடியிலிருந்தும் ஏறும். கம்பிக்கு 2 அங்குலமாவது கவர், அதாவது கம்பியை மூடும் கான்கிரீட் கனம், வேண்டும். கவர் கட்டை வைக்காமல் கம்பியைத் தரையில் கிடத்தி மேலே கொட்டிவிடுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். கூரைத் தகரம் துருத்தால் மாற்றிக்கொள்ளலாம், தளத்துக்குள் புதைந்த கம்பியை என்ன செய்வது?

மணலில் தண்ணீர் விட்டு இறுக்கி, கிராவல் கொட்டித் திம்சுக் கட்டையால் இடித்து இறுக்கி, பாலித்தீன் விரித்து, 1:2:4 கலவையில் 4 அங்குலம் போட்டோம். சிமெண்ட் 5 மூட்டை ஆனது. கடல் மணலைத் தொடவில்லை. குறுக்கே பலகை வைத்து இரண்டு 5 அடித் துண்டாகப் பிரித்தோம், விரிசல் அங்கேயே விடட்டும் என்று. அப்புறம் 10 நாள் சாக்கு போட்டு நனைத்தோம். இந்தக் காற்றுக்குக் காலையில் நனைத்த சாக்கு மதியத்துக்குள் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். ஒரு நாளும் விடக்கூடாது.

டிராக்டர் ஏற்றும் தளம் என்றால் நானும் கம்பிதான் கட்டுவேன், நல்ல தண்ணீரில், கவர் கட்டை வைத்து. என் தளம் பார்த்தது இரண்டு ஐப்பசிதான். பத்து வருஷக் கணக்கு என்னிடம் இல்லை. இதுவரை பலகை வைத்துப் பிரித்த அந்த இணைப்பில் மயிரிழை விரிசல் ஒன்று மட்டும் தெரிகிறது.