உப்புக்காற்றில் எலக்ட்ரிக் பிரேக் கன்ட்ரோலர்: பச்சை விளக்கை எவ்வளவு நம்பலாம்?

கேரவனின் பிரேக்குக்கு மின்சாரம் அனுப்புவதற்காக, இழுக்கும் வண்டியில் நான் வைத்திருக்கும் பிரேக் கன்ட்ரோலரின் விலை இப்போது இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று தொண்டியிலுள்ள நண்பர் கேட்டிருந்தார். அண்மையில்தான் ஒரு பெரிய பழுது பார்த்து முடித்திருக்கிறேன் என்பதால், ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. ஒற்றை அச்சுக் கேரவன், இரு சக்கரங்களிலும் எலக்ட்ரிக் டிரம் பிரேக், இழுப்பது ஒரு டீசல் பிக்கப். மற்ற விவரங்கள் நண்பருக்கும், இதைத் தேடிப் படிப்பவர்களுக்கும் தெரிந்தவைதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பிரேக்கை மிதித்த நேரத்தை மட்டும் வைத்து மின்சாரத்தை ஏற்றிக்கொண்டே போகும் பழைய வகைக் கன்ட்ரோலரில், மெல்ல மிதித்தாலும் கேரவன் வெடுக்கென்று பிடிக்கும். அவசரமாக மிதித்தாலோ பின்தங்கி வந்து முட்டும். என்னிடம் இருப்பது, வண்டியின் வேகம் எத்தனை கடுமையாகத் தணிகிறது என்பதை உள்ளே இருக்கும் சென்சாரால் அளந்து, அதே விகிதத்தில் மின்சாரம் அனுப்பும் வகை. பாம்பன் சாலைப் பாலத்தில் ரயில் பாலத்தையும் கடலையும் பார்ப்பதற்காக முன்னால் போகும் கார்கள் எந்தச் சைகையும் இல்லாமல் நின்றுவிடும்போது, பின்னால் இவ்வளவு எடை இருப்பதே தெரியாதபடி என் வண்டி நின்றிருக்கிறது.

நான் எதிர்பாராமல் கிடைத்த நன்மை, கேரவனின் பிரேக்கை மட்டும் கையால் இயக்க கன்ட்ரோலரில் இருக்கும் சிறிய லீவர். கச்சான் காற்று பக்கவாட்டில் அறையும் மாதங்களில், இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான அந்தப் பாலத்தின் உயரமான பகுதியில் கேரவனின் பின்புறம் ஆடத் தொடங்கும். அப்போது வண்டியின் பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, லீவரை மட்டும் மெல்ல நகர்த்தினால் கேரவனின் சக்கரங்கள் மட்டும் பிடித்து ஆட்டம் அடங்கிவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே இந்தக் கருவிக்கு நான் நன்றியுடையவன்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். கேரவன் பிளக்கை மாட்டியதும் கன்ட்ரோலரில் ஒரு பச்சை விளக்கு எரிகிறது. டிரம்முக்குள் மின்சாரத்தால் ஷூக்களை அழுத்தவைக்கும் பிரேக் காந்தங்கள் இணைந்திருக்கின்றன என்பதற்கான அடையாளம் அது. ஆனால் அந்த விளக்கை எரியவைக்க மிகச் சிறிய சோதனை மின்னோட்டமே போதும். சில மில்லியாம்பியர் ஓடும்போது அரித்துப்போன மூட்டுகூட நல்ல மூட்டுபோலவே நடந்துகொள்ளும். முழு மின்னோட்டம் ஓட வேண்டிய நேரத்தில்தான் அதன் யோக்கியதை தெரியும். ஒவ்வொரு காந்தமும் சுமார் 3.2 ஓம் என்று வைத்துக்கொண்டால், இரண்டும் இணையாகச் சேர்ந்து 1.6 ஓம், 12 வோல்ட்டில் 7.5 ஆம்பியர் ஓட வேண்டும். மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் வழியில் 1 ஓம் தடை கூடினால் அது 4.6 ஆம்பியராகச் சுருங்கிவிடும். அதோடு முடிவதில்லை, ஏறத்தாழ 21 வாட் வெப்பம் அந்த மூட்டிலேயே எரிந்து வீணாகும். பச்சை விளக்கு அப்போதும் எரிந்துகொண்டேதான் இருக்கும்.

எனக்கு நேர்ந்தது இதுதான். ராமநாதபுரம் பட்டணம்காத்தான் பக்கம் வரும்போதெல்லாம் கேரவன் பின்னாலிருந்து தள்ளுவதை உணர்ந்தேன். டிரம்மைக் கழற்றி ஷூக்களின் இடைவெளியைச் சரிசெய்தும், கன்ட்ரோலர் அனுப்பும் மின்சாரத்தின் அளவைத் தீர்மானிக்கும் கெயினைக் கூட்டியும் பலன் இல்லை. கருவியை விற்ற கடைக்காரர், "பச்சை லைட் எரிகிறதல்லவா, அப்படியானால் இணைப்பில் குறை இல்லை, கன்ட்ரோலரையே மாற்றிவிடலாம்" என்று புதிய ஒன்றுக்கு விலை சொன்னார். உப்புக்காற்றில் ஓடும் வண்டி என்று சொன்ன பிறகும் எர்த்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத அந்த அலட்சியத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. 1914 முதல் நின்ற பாம்பன் ரயில் பாலத்தையே துரு அரித்து, 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்தை நிறுத்தி, 2025இல் அதன் பக்கத்திலேயே புதிய பாலத்தைத் திறக்கவைத்த காற்று இது. ஒரு பித்தளைப் பின் இதற்கு எத்தனை நாள் ஈடுகொடுக்கும்?

குறையைக் கண்டுபிடித்தவர் பாம்பனில் விசைப்படகுகளுக்கு ஒயரிங் செய்யும் இளைஞர். பச்சை விளக்கை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "லைட்டு எரியுதுங்கிறதெல்லாம் கணக்கே இல்லண்ணே, லோடு போட்டுப் பாத்தாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு, பழைய ஹெட்லைட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர்களைப் பற்றவைத்து, வண்டியின் சாக்கெட்டில் நீல ஒயர் வரும் பின்னிலும் வெள்ளை ஒயர் வரும் எர்த் பின்னிலும் தொட்டு, என்னை லீவரை முழுதாகத் தள்ளச் சொன்னார். 55 வாட் பல்பு, சாம்பல் மூடிய கங்கைப் போல மங்கலாகச் சிவந்து நின்றது. அதே ஒயரை எர்த் பின்னிலிருந்து எடுத்து பேட்டரியின் நெகட்டிவில் வைத்ததும் கண் கூசுமளவுக்கு எரிந்தது. எர்த் பின்னைக் கழற்றிப் பார்த்தபோது அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தது. வெள்ளை ஒயரின் உறையை ஒரு சாண் நீளம் உரித்த பிறகும் உள்ளே செம்பு தெரியவில்லை. கறுப்பும் பச்சையுமாகக் களிம்புதான் தெரிந்தது. உப்பு ஈரம் இழைகளுக்கு இடையே ஏறி, உறைக்கு உள்ளேயே பயணம் செய்திருக்கிறது.

இந்தக் கரையில் கேரவன் இழுப்பவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இந்தப் பல்புச் சோதனையைச் செய்துவிட வேண்டும். கன்ட்ரோலர் மின்சாரத்தைத் துடிப்புகளாக அனுப்புவதால், லீவரைப் பாதி தள்ளிய நிலையில் மல்டிமீட்டர் காட்டும் எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. கெயினையும் லீவரையும் முழுதாக வைத்து, லோடு, அதாவது பல்போ காந்தங்களோ, இணைந்திருக்கும்போது மட்டுமே அளக்க வேண்டும். வீட்டு ஒயரிங் செய்பவர்களிடம் இருக்கும் கிளாம்ப் மீட்டர்களில் பல ஏசியை மட்டுமே அளக்கும் என்பதால், டிசி அளக்கும் மீட்டரைக் கேட்டு வாங்க வேண்டும். கேரவன் வண்டியிலிருந்து கழன்றுபோனால் தானாகப் பிரேக் போடும் பிரேக்அவே சுவிட்ச் இருந்தால் இன்னொரு வழியும் உண்டு: பிளக்கைக் கழற்றிவிட்டு, சுவிட்சின் பின்னை இழுத்தால், கேரவனின் சொந்த பேட்டரியிலிருந்து காந்தங்களுக்கு நேராக மின்சாரம் போகும். அப்போது சக்கரம் இறுகப் பிடித்து, லீவரில் மட்டும் தளர்வாகப் பிடித்தால், குறை பிளக்கிலோ, அதற்கு வரும் ஒயரிலோ, வண்டியிலோதான். பிளக் மாட்டிய நிலையில் மட்டும் அந்தப் பின்னை இழுக்கக் கூடாது; மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து கன்ட்ரோலரைக் கெடுக்கக்கூடும்.

படகு ஒயரிங்கில் போடும் வெள்ளீயம் பூசிய செம்பு ஒயரையே, 4 ஸ்கொயர் எம்.எம். அளவில், நீலத்துக்கும் எர்த்துக்கும் புதிதாக இழுத்தோம். இதற்கு முன் காந்தங்களின் எர்த் சேசிஸ் போல்ட்டில் முடிந்திருந்தது. இப்போது அது தனி ஒயராக பிளக் வரை வருகிறது. சேசிஸை நம்பினால், துரு ஏறியதும் மின்சாரம் கேரவனை மாட்டும் ஹிட்ச் பந்தின் வழியாக எர்த்தைத் தேடும், வளைவில் ஒரு மாதிரியும் நேர்ச்சாலையில் ஒரு மாதிரியும் பிரேக் பிடிக்கும். மூட்டுகளுக்குச் சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் உறை, பின்களுக்கு ஈரத்தைத் தடுக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ். செலவு, கடைக்காரர் சொன்ன விலையில் சிறு பகுதிகூட இல்லை. அதன் பிறகு முகுந்தராயர் சத்திரம் தாண்டி மணல் ஏறிக்கிடக்கும் சாலையில், கெயினைக் குறைத்து வைக்க வேண்டிய அளவுக்குப் பிரேக் பிடிக்கிறது.

கன்ட்ரோலரிடம் நியாயமாகப் பேசினால், அதன் உள்ளே எதுவும் கெடவில்லை. அனுப்பச் சொன்னதை அது அனுப்பியது; அரித்தது அதற்கு வெளியே இருந்த செம்பு. ஆனால் ஓடும் ஆம்பியரை நேராகத் திரையில் காட்டும் கன்ட்ரோலர்கள் சந்தையில் இருக்கும்போது, உயிரைக் காக்கும் ஒரு கருவி வெறும் பச்சை விளக்கோடு நிறுத்திக்கொள்வதை நான் ஏற்க மாட்டேன். பிரேக் தேய்ந்திருக்கிறது என்று தெரிந்தால் மெதுவாகவாவது ஓட்டலாம். எல்லாம் சரி என்று விளக்கு சொல்லும்போது யாரும் வேகத்தைக் குறைப்பதில்லை.

ஆகவே நண்பருக்கு என் பதில், விலை எவ்வளவு இறங்கியிருந்தாலும் இதை வாங்க வேண்டாம் என்பதே. இவ்வளவு புகழ்ந்த பிறகு இப்படிச் சொல்வது முரணாகத் தோன்றலாம். உருகிய அந்தச் சாக்கெட் இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது. என் வண்டியிலிருந்து நான் இதைக் கழற்றப்போவதில்லை, பாலத்தில் அந்த லீவர் இல்லாமல் இனி ஓட்டவும் மாட்டேன். நீல ஒயரில் தொடராக ஒரு டிசி முள் மீட்டரை இணைத்துத் தரும்படி பாம்பன் இளைஞரிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டு காந்தங்களுக்கு 10 ஆம்பியர் வரை காட்டுவது போதும். நான்கு சக்கரத்திலும் பிரேக் உள்ளவர்கள் 20 ஆம்பியர் வரை காட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள்.