கொழுகொழு பிள்ளைக்கு வைட்டமின் ஏ: டப்பா பவுடரா, முருங்கைக்கீரையா?

எங்கள் பையனுக்கு மூன்றரை வயது. பார்க்கிறவர்கள் எல்லாம் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். எட்டு மாதம் முன்பு சளிக்குக் காட்டப் போனபோது டாக்டர் அளந்து பார்த்து, வளர்ச்சி அட்டையில் உயரத்துக்கேற்ற எடை +2 கோட்டைத் தாண்டிவிட்டது, அதாவது எடை அதிகம் என்றார். தடுப்பூசி அட்டையைப் புரட்டினால் கடைசி மூன்று வைட்டமின் ஏ கட்டங்கள் காலி. வீடு மாறிய அலைச்சலில் விட்டுப்போயிருந்தது, எங்கள் தப்புதான்.

"இவ்வளவு குண்டா இருக்கிறவனுக்குச் சத்து குறையுமா?" என்றார் மாமியார். குறையலாம். பால், பிஸ்கட், வெள்ளைச் சோறு என்றே வயிறு நிறைந்தால் எடை ஏறும், ஏ ஏறாது. 2016-18 தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் 1 முதல் 4 வயதுப் பிள்ளைகளில் சுமார் 18 சதவீதம் பேருக்கு இந்தக் குறை இருந்தது.

அரசு தரும் வைட்டமின் ஏ மருந்தில் ஒப்பிட ஒன்றுமில்லை. 9 மாதத்தில் 1 லட்சம் யூனிட், பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை 2 லட்சம், 5 வயது வரை இலவசம். முதலில் அதைக் கொடுத்தோம். கேள்வி தினசரிச் சாப்பாட்டைப் பற்றியது.

பாலில் கலக்கும் டப்பா பவுடருக்கு ஒரு நியாயம் உண்டு. அதில் சேர்த்திருக்கும் ஏ உடம்பு நேராக எடுத்துக்கொள்ளும் வடிவம். கீரையிலும் பப்பாளியிலும் இருப்பது பீட்டா கரோட்டின். ஏறக்குறைய 12 மைக்ரோகிராம் சாப்பிட்டால்தான் 1 மைக்ரோகிராம் ஏ கிடைக்கும். வெறும் கணக்கில் டப்பாதான் ஜெயிக்கும். இரண்டு நிமிஷ வேலை, பிள்ளையும் அழாமல் குடிப்பான்.

ஆனால் ஏ-யோடு சேர்ந்து என்ன வருகிறது? நான் முடிவெடுத்தது இதை வைத்துத்தான். எங்கள் டப்பாவில் 100 கிராமுக்கு 30 கிராமுக்கு மேல் சர்க்கரை. ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர், அதில் மாமனார் பாசத்தோடு போடும் இன்னொரு ஸ்பூன். ஆறு மணிக்குக் குடித்தவன் எட்டு மணிக்குத் தட்டைத் தள்ளிவிடுவான். அந்தத் தட்டில்தான் கீரையும் முட்டையும் இருக்கும். எடை குறைந்த பிள்ளைக்கு இது வேறு கதையாக இருக்கலாம், எனக்கு அதில் அனுபவம் இல்லை. இவனுக்கு ஒவ்வொரு டம்ளரும் இரட்டை நஷ்டம். இந்த மாதிரி பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' பிரிவில் வைக்காதீர்கள் என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசே ஆன்லைன் கடைகளிடம் சொன்னது.

முருங்கைக்கீரையின் தொல்லை ஆய்வதுதான். ராத்திரி டிவி முன்னால் உட்கார்ந்து உருவி வைத்துவிடுவேன். அடையில் போட்டால் கேள்வி கேட்காமல் தின்கிறான், பொரியலாக வைத்தால் துப்புகிறான். எண்ணெயை மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். குண்டுப் பிள்ளை என்று என் கணவர் சொட்டு எண்ணெய் இல்லாமல் கீரை சூப் வைத்தார். கொழுப்பு கொஞ்சமாவது இருந்தால்தான் இந்தச் சத்து உடம்பில் சேரும். ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் போதும். மாலை டம்ளரின் இடத்தில் இப்போது பப்பாளித் துண்டு. சாம்பாரில் மஞ்சள் பூசணி. சர்க்கரைவள்ளியை நம்பி ஏமாந்தேன்: உள்ளே ஆரஞ்சு நிறமாக இருந்தால்தான் ஏ, நம் சந்தையில் வருவது பெரும்பாலும் வெள்ளை. முட்டை மஞ்சள் கருவிலும் ஈரலிலும் நேரடி ஏ இருக்கிறது. ஈரலில் ரொம்பவே அதிகம், அதனால் எப்போதாவது ஒரு சின்னத் துண்டோடு நிறுத்திக்கொள்கிறோம்.

எட்டு மாதத்தில் எடை அப்படியே நிற்கிறது, உயரம் ஐந்து சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. கோட்டுக்குக் கீழே வந்துவிட்டான். கீரைதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். பாலையும் நான்கு டம்ளரிலிருந்து இரண்டாகக் குறைத்தோம். ஏ அளவை ரத்தத்தில் பார்க்கவில்லை.

பாதி டப்பா இன்னும் அலமாரியில் இருக்கிறது. மாமனார் குடிக்கிறார். அவருக்குச் சர்க்கரை வியாதி, அது தனிப் பஞ்சாயத்து.