குரூப் 4 கலந்தாய்வில் எதைத் தேர்ந்தெடுப்பது? இளநிலை உதவியாளர், கிராம நிர்வாக அலுவலர், தட்டச்சர்: ஓர் ஒப்பீடு

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் தரவரிசை வந்து, சான்றிதழ் சரிபார்ப்பும் முடிந்து, கலந்தாய்வுக்கு அழைக்கப்படும் ஒருவர், அதுவரை படித்த பாடங்கள் எதிலும் இல்லாத ஒரு கேள்விக்குச் சில நிமிடங்களில் விடை சொல்ல வேண்டியிருக்கிறது: எந்தப் பதவி, எந்தத் துறை, எந்த மாவட்டம்? 2018 பிப்ரவரியில் நடந்த தேர்விலிருந்து கிராம நிர்வாக அலுவலர் பணியும் இதே தேர்வோடு இணைக்கப்பட்டுவிட்டதால், இளநிலை உதவியாளர், கிராம நிர்வாக அலுவலர், தட்டச்சர், சுருக்கெழுத்துத் தட்டச்சர் ஆகிய பதவிகளெல்லாம் 300 மதிப்பெண்ணுக்கான ஒரே தாளின் முடிவில் ஒன்றாக முன்னே வைக்கப்படுகின்றன. 2024 ஜூன் மாதத் தேர்வுக்கு மட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர் என்பதை நினைத்தால், கலந்தாய்வு வரை வந்தவர் ‘கிடைத்தது போதும்’ என்று எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால் ஓய்வு பெறும் வயது 60 என்றாகிவிட்ட நிலையில், 22 வயதில் சேர்பவருக்கு அந்த மேசையில் சொல்லும் விடை 38 ஆண்டுகளுக்கானது.

முதலில் சம்பளத்தைப் பார்த்துவிடலாம். அதில் ஒப்பிடுவதற்கு அதிகமில்லை. இளநிலை உதவியாளர், கிராம நிர்வாக அலுவலர், தட்டச்சர் ஆகிய மூவருக்கும் தொடக்க அடிப்படை ஊதியம் 19,500 ரூபாய். மூவரும் ஊதிய நிலை 8-இல் இருக்கின்றனர். சுருக்கெழுத்துத் தட்டச்சருக்கு மட்டும் நிலை 10, அதாவது 20,600 ரூபாய். இந்த 1,100 ரூபாய் வேறுபாட்டோடு, 2025 ஜனவரியில் இருந்த 55 விழுக்காடு அகவிலைப்படியைச் சேர்த்தாலும் மாதத்துக்கு 1,705 ரூபாய்தான் வருகிறது. ஆண்டு ஊதிய உயர்வு அனைவருக்கும் 3 விழுக்காடு. ஒரே பதவியில் 10 ஆண்டுகள் இருந்தால் தேர்வுநிலை, 20 ஆண்டுகள் இருந்தால் சிறப்புநிலை எனக் கூடுதல் ஊதியம் கிடைப்பதும் பொது. ஓய்வூதிய விதிகளும் எல்லாருக்கும் ஒன்றே. ஆகவே ‘எதில் சம்பளம் அதிகம்?’ என்று தொடங்குபவர் தவறான இடத்தில் தொடங்குகிறார். கேட்க வேண்டியது வேறு: எனக்கு மேலே எத்தனை படிகள் இருக்கின்றன, அந்தப் படிகளுக்கு என்னோடு எத்தனை பேர் வரிசையில் நிற்கின்றனர், அந்த வரிசை எந்த எல்லைக்குள் கணக்கிடப்படுகிறது?

இளநிலை உதவியாளர் என்ற பெயர் ஒன்றாக இருந்தாலும், அது துறைக்குத் துறை வெவ்வேறு வேலையாகிறது. தொடக்க நாட்கள் மட்டும் எங்கும் ஒரே மாதிரியானவை. அவருக்கு ஓர் ‘இருக்கை’ ஒதுக்கப்படும்; காலையில் வரும் தபால்கள் பகிர்மானப் பதிவேட்டில் ஏறி அந்த இருக்கைக்கு வரும்; ஒவ்வொன்றையும் அவர் தன் பதிவேட்டில் பதிந்து, நடப்புக் கோப்போடு சேர்த்து, குறிப்பும் வரைவும் எழுதிக் கண்காணிப்பாளருக்கு வைக்க வேண்டும். பிரிட்டிஷ் காலத்து டாட்டன்ஹாம் முறையின் தொடர்ச்சியான இந்த நடைமுறை, மின் அலுவலகம் வந்த பிறகும் காகிதத்திலிருந்து திரைக்கு மாறியிருக்கிறதே தவிர, அதன் அடிப்படை மாறவில்லை. தன் பதிவேட்டை ஒழுங்காக வைத்திருக்கும் எழுத்தர் எந்தத் துறையிலும் பிழைத்துக்கொள்வார் என்பது அலுவலகங்களில் மூத்தோர் சொல்லும் அறிவுரை. அதில் மிகை ஒன்றுமில்லை. ஈரோடு மாவட்டம் பவானிசாகரில் உள்ள அரசு அலுவலர் பயிற்சி நிலையத்தில் அடிப்படைப் பயிற்சியை முடித்தால்தான் தகுதிகாண் பருவத்தை நிறைவு செய்ய இயலும் என்பதும் துறை வேறுபாடின்றிப் பொருந்தும்.

அதற்குப் பிறகுதான் பாதைகள் பிரிகின்றன. வருவாய்த் துறையில் சேர்ந்தவர் உதவியாளர், துணை வட்டாட்சியர், வட்டாட்சியர் என்று உயர்ந்து, பணிக்காலம் மிச்சமிருந்தால் துணை ஆட்சியர் வரை செல்லலாம். இடையில் வருவாய் ஆய்வாளராக, பல கிராமங்கள் அடங்கிய குறுவட்டம் ஒன்றைப் பார்த்திருக்க வேண்டும். நில அளவைப் பயிற்சியும் வேண்டும். இத்துறையில் உயர்வு ஒப்பளவில் விரைவாக வருவதற்குக் காரணம், ஒரு வட்டத்துக்கு ஒரே வட்டாட்சியர் என்ற கணக்கோடு பதவிகள் நின்றுவிடுவதில்லை என்பதுதான். சமூகப் பாதுகாப்புத் திட்டம், ஆதிதிராவிடர் நலம், நில எடுப்பு என்று தனி வட்டாட்சியர் பணியிடங்கள் பல உள்ளன; பெரிய சாலைத் திட்டமோ தொழிற்பேட்டையோ வரும் மாவட்டத்தில் நில எடுப்பு அலகுகள் கூடும்போது பதவிகளும் கூடுகின்றன. இதற்குக் கொடுக்கும் விலையையும் சொல்லிவிட வேண்டும். தேர்தல், புயல், வெள்ளம், குறைதீர் நாள், முக்கியப் பிரமுகர் வருகை எதுவாயினும் முதலில் அழைக்கப்படுவது வருவாய்த் துறைதான். விடுமுறை நாள் என்பது நாள்காட்டியில் சிவப்பாக இருப்பதோடு சரி. மேலும், பட்டதாரிகளுக்கான குரூப் 2ஏ தேர்வு வழியாக நேரடியாக உதவியாளராக நியமிக்கப்படுவோரும் அதே வரிசையில் வந்து நிற்பதால், கீழிருந்து வருபவரின் கணக்கு அவர் நினைத்தபடியே அமைவதில்லை.

ஊரக வளர்ச்சித் துறை இதற்கு நெருங்கிய போட்டி. உதவியாளரிலிருந்து துணை வட்டார வளர்ச்சி அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலர் என்ற பாதை தெளிவானது; வேலைச்சுமையும் குறைவில்லை. வணிகவரித் துறையில் துணை மாநில வரி அலுவலர், மாநில வரி அலுவலர் என்றும், பதிவுத் துறையில் சார்பதிவாளர் என்றும் உயர்வு உண்டு. இவ்விரு துறைகளுக்கும் தரவரிசையில் முன்னே நிற்போர் ஆர்வம் காட்டுவதால், பின்வரிசையில் அழைக்கப்படுபவர் அவற்றை நம்பி வரக் கூடாது. பள்ளிக் கல்வித் துறையில் இடங்கள் அதிகம், வேலை நேரம் ஓரளவு ஒழுங்கானது. ஆனால் கண்காணிப்பாளர், நேர்முக உதவியாளர் என்று மேலே குறுகும் அமைப்பு அது. சில சிறிய துறைகளில் மாநிலம் முழுவதற்குமே கண்காணிப்பாளர் பணியிடங்கள் ஒற்றை இலக்கத்தில் இருக்கக்கூடும்; அங்கே முன்னிற்பவர் ஓய்வு பெறும் தேதியே பின்னிற்பவரின் பதவி உயர்வுத் தேதியாகிவிடுகிறது.

கிராம நிர்வாக அலுவலர் பணியின் இயல்பு முற்றிலும் வேறு. கிராமக் கணக்கரான கர்ணமும் கிராமத் தலைவரான முன்சீப்பும் பரம்பரையாக வரும் முறை 1980-இல் ஒழிக்கப்பட்ட பிறகு அவ்விடத்தில் உருவாக்கப்பட்ட முழுநேரப் பதவி இது. மற்றவற்றுக்கு 18 வயது போதும் என்றிருக்க, இதற்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். முதல் நாளிலிருந்தே ஒரு கிராமத்தின் கணக்குகளுக்கு அவரே பொறுப்பு. ‘அ’ பதிவேடு (நில விவரப் பதிவேடு), அடங்கல் (பயிர்க் கணக்கு), பிறப்பு இறப்புப் பதிவு, சாதி, வருமான, இருப்பிடச் சான்றுகளுக்கான பரிந்துரை, பட்டா மாறுதல் மனுக்களின் மீது அறிக்கை என்று ஆண்டு முழுவதும் வேலை இருக்கும்; வருவாய்க் கணக்குக்கான பசலி ஆண்டு ஜூலை 1-இல் பிறப்பதால், அதன் முடிவில் வரும் ஜமாபந்தியில் அத்தனை கணக்குகளும் தணிக்கைக்கு விரிக்கப்படும். மேலதிகாரி பக்கத்து மேசையில் இல்லை என்பதால், இளநிலை உதவியாளர் பல ஆண்டுகள் கழித்துச் சுவைக்கும் தன்னிச்சையை இவர் சேர்ந்த மாதமே பெறுகிறார். தட்டிக்கேட்க ஆளில்லாத அந்த நிலையே அவருடைய ஆபத்தும் ஆகிறது. உட்பிரிவு இல்லாத ஒரு பட்டா மாறுதலில் பத்திரத்தையும் வில்லங்கத்தையும் நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது என்பதையும் பார்த்து அவர் எழுதும் நான்கு வரி, அண்ணன் தம்பிக்கிடையேயான வழக்கில் ஆவணமாகிவிடும். லஞ்ச ஒழிப்புத் துறையின் பொறியில் சிக்குவோர் பற்றிய செய்திகளில் இப்பதவியின் பெயர் அடிக்கடி வருவதையும், 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் மணல் கடத்தல் குறித்துப் புகார் அளித்த கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டதையும் ஒதுக்கிவிட்டு இப்பணியை எடைபோட முடியாது.

பதவி உயர்வு என்ற அளவில் கிராம நிர்வாக அலுவலருக்கு உள்ள வழி, வருவாய்த் துறை உதவியாளராவது. அதாவது, இளநிலை உதவியாளர் கோப்புகளோடு வந்து சேரும் அதே வாசலுக்கு இவர் கிராமத்திலிருந்து வந்து சேர்கிறார். ஆனால் பணிக்காலம் முழுவதையும் அதே பதவியில் கழிப்போரும் உண்டு. தேர்வுநிலை, சிறப்புநிலை ஊதியம் அவர்களுக்கு ஓரளவு ஈடு செய்கிறது. களப்பணியில் நாட்டமும், ஊர்ப் பிரச்சினைகளில் பொறுமையும் உள்ளவருக்கு இது நிறைவான வேலை. வட்டாட்சியர் நாற்காலியை மனத்தில் வைத்துக்கொண்டு சேர்பவருக்கு, ஆட்சியரகத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ கிடைக்கும் இளநிலை உதவியாளர் இருக்கையே நேரான வழி என்பது என் கருத்து.

தட்டச்சர் பணியை இரண்டாம் தரமாகப் பார்க்கும் வழக்கம் தேர்வர்களிடையே இருக்கிறது. அதை மாற்றிக்கொள்வது நல்லது. தமிழ், ஆங்கிலத் தட்டச்சுச் சான்றிதழ்கள் தேவைப்படுவதால் போட்டியிடுவோர் குறைவு, ஆகவே கட்ஆஃப் மதிப்பெண்ணும் பெரும்பாலும் குறைவு. உதவியாளர் பதவி உயர்வுக்கான வாய்ப்பு தட்டச்சருக்கும் உண்டு. சுருக்கெழுத்துத் தட்டச்சருக்குத் தனிப்பாதையும் இருக்கிறது. அதிகாரியின் அறையில் வேலை என்பதால் அலுவலகம் முழுவதும் எப்படி நகர்கிறது என்பதை முதல் ஆண்டிலேயே கண்டுகொள்ளும் வாய்ப்பு அவருக்கு உண்டு. அதிகாரி இரவு எட்டு மணிக்குக் கிளம்பினால் இவரும் எட்டு மணிக்குத்தான் கிளம்ப முடியும் என்பது மறுபக்கம்.

எந்தப் பதவியானாலும் இரண்டு செய்திகள் பொதுவானவை. புதிதாகச் சேர்வோர் இவற்றைத் தாமதமாகவே தெரிந்துகொள்கின்றனர். ஒன்று, துறைத் தேர்வுகள். இவற்றைத் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை, மே மாதத்திலும் டிசம்பரிலும் நடத்துகிறது. சார்நிலை அலுவலர் கணக்குத் தேர்வு, மாவட்ட அலுவலக நடைமுறை நூல் தேர்வு, வருவாய்த் துறையானால் வருவாய்த் தேர்வுகள் என்று அவரவர் விதிகள் கேட்பவற்றை, பதவி உயர்வுக்குத் தேர்ந்தோர் பட்டியலுக்கான குறிப்பிட்ட நாளுக்கு முன் முடித்திருக்காவிட்டால், பணிமூப்பில் பின்னே இருப்பவர் முன்னே சென்றுவிடுவார். அந்த இடைவெளி பின்னர் நிரம்புவது அரிது. ஒழுங்கு நடவடிக்கை விதி 17(ஆ)-இன் கீழ் குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தாலும் இதே கதிதான். மற்றொன்று மாவட்டம். வருவாய்த் துறை இளநிலை உதவியாளரின் பணிமூப்பு மாவட்ட அளவில் கணக்கிடப்படுகிறது. கிராம நிர்வாக அலுவலரை நியமிப்பவர் வருவாய்க் கோட்டாட்சியர். ஆகவே ‘இப்போதைக்கு எங்காவது சேர்ந்துவிட்டுப் பிறகு சொந்த ஊருக்கு மாறிக்கொள்ளலாம்’ என்று நினைப்பவர், சொந்த விருப்பத்தில் மாறும்போது புதிய இடத்தில் வரிசையின் கடைசியில் நிற்க நேரும் என்பதை அறிந்தே சேர வேண்டும். திருமணத்தையோ பெற்றோரின் உடல்நிலையையோ முன்னிட்டு மாறுதல் கேட்பவர்கள், பெரும்பாலும் பெண்கள், இந்த இழப்பைச் சுமக்கின்றனர். கலந்தாய்வில் நல்ல துறை வெளிமாவட்டத்திலும் சுமாரான துறை சொந்த மாவட்டத்திலும் இருந்தால், அடுத்த பத்து ஆண்டுகள் எங்கே வாழப்போகிறோம் என்பதைக் குடும்பத்தோடு முன்கூட்டியே பேசி வைத்திருப்பவரே தடுமாறாமல் விடை சொல்வார்.

குரூப் 2 எழுதும் எண்ணம் உள்ளவரின் கணக்கு தலைகீழானது. அவருக்கு மேலே எத்தனை படிகள் என்பது பொருட்டில்லை. மாலை ஆறு மணிக்குமேல் படிக்க நேரம் கிடைக்கிறதா என்பதுதான் பொருட்டு. வருவாய்த் துறையும் கிராம நிர்வாகமும் அந்த நேரத்தைத் தாராளமாகத் தருவதில்லை. பள்ளிக் கல்வி போன்ற துறைகளில், பொதுமக்கள் நேரடியாக வராத ஓர் அலுவலக இருக்கை அவருக்குப் பொருத்தமானது. ஆனால் இரண்டு முயற்சிகளுக்குப் பிறகும் குரூப் 2 கைகூடாமல் போனால், பதவி உயர்வு மெதுவாக வரும் துறையில் துறைத் தேர்வுகளும் முடிக்காமல் நிற்க நேரும். ஆகவே அங்கே சேர்பவரும் துறைத் தேர்வுகளை முதல் இரண்டு ஆண்டுகளிலேயே எழுதி முடித்துவிடுவது பாதுகாப்பு.

சேர்ந்த பிறகு துறை பிடிக்காமல், மீண்டும் குரூப் 4 எழுதி வேறு துறைக்கு வர முயல்வோரும் குறைவில்லை. புதிய பதவியில் பணிமூப்பு புதிதாகத் தொடங்கும் என்பதால், தகுதிகாண் பருவம் முடிவதற்கு முன் இதைச் செய்தால் இழப்பு சிறியது. பவானிசாகர் பயிற்சி முடிந்து, தேர்வுகளும் தேறி, உதவியாளர் பட்டியலில் பெயர் வரும் தறுவாயில் இருப்பவர் அதே நிலை 8-க்காக இன்னொரு துறையின் கடைசி வரிசைக்குப் போவது, சொந்த மாவட்டத்துக்குத் திரும்புவதற்கு வேறு வழியே இல்லை என்ற நிலையில் மட்டுமே பொருளுடையதாகும்.